கொடியில் இல்லாத துணி

பல்லடம்
14.11.2024

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை.

அண்ணன் போன அன்றிலிருந்து உங்கள் போன் ஸ்விட்ச் ஆஃப். மாசாணம் மாமா போனுக்கு அடித்தால், "இனியா பேச மாட்டேங்குது அம்மணி, போனை நீட்டுனாலே கையை உதறுது" என்கிறார். அதனால்தான் ஆபீஸ் வெள்ளைத்தாளை எடுத்து எழுதுகிறேன். குஞ்சு பொரிப்பகத்தில் இன்றைக்கு லோடு அதிகம். பின்னால் அத்தனை குஞ்சுகளும் கத்துகின்றன. இந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தால்தான் எனக்கு இப்போது பரவாயில்லை. சத்தமில்லாத இடத்துக்குப் போனால் அண்ணன் முகம் வந்துவிடுகிறது.

இன்னும் என்னால் நம்ப முடியவில்லை அண்ணி. தண்ணீரில் போனான் என்று யாராவது சொன்னால், "யாரு, எங்க அன்புமணி அண்ணனா? போங்க அக்கட்ட" என்று சிரிக்கத் தோன்றுகிறது. சத்தியமங்கலத்துக்கு மேலே அந்த அணைத் தண்ணீர் முழுக்க அவனுக்கு அத்துப்படி. கண்ணைக் கட்டி அக்கரையில் விட்டாலும் பரிசலை நம் துறைக்குக் கொண்டு வந்து சேர்ப்பான். அப்படிப்பட்டவன் துறைக்கு மேற்கே, மோட்டார் ரூம் மேட்டுக்குக் கீழே எதற்குப் போனான்? அணை நிரம்பினால் அங்கே முங்கிக் கிடக்கும் பழைய பனந்தோப்பின் மொட்டைகள் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நிற்கும் என்பது எனக்கே தெரியும். தன் வலையையே அங்கேதானே கட்டியிருந்தான். அந்த வலையிலேயே அவன் கால் சிக்கிக் கிடந்தது என்று மாமா சொன்னார்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மூடுபனி இறங்கினால் துறைப் புளியமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பரிசல்காரன் வீட்டு ஆள்தான் அடிக்க வேண்டும். பரிசல் கரை தட்டும்வரை நிறுத்தவும் கூடாது, நின்ற இடத்தை விட்டு நகரவும் கூடாது. பனிக்குள் இருப்பவனுக்கு அந்தச் சத்தம்தான் கரை. அப்பா பரிசல் விட்டபோது அம்மா அடித்தாள். அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்த பிறகு நீங்கள் அடித்தீர்கள். இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்றைக்கும் நீங்கள் அடித்ததை ஊரே கேட்டிருக்கிறது. நடுவில் நின்றதையும் ஊரே கேட்டிருக்கிறது. எழவு வீட்டில் மாசாணம் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சத்தம் நின்னுபோச்சு அம்மணி. சித்த நேரங் கழிச்சு மறுக்கா ஆரம்பிச்சுது. அதுக்குள்ளதான் எல்லாம் ஆகிப்போச்சாட்ட இருக்குது" என்றார். கூட வந்த காய் வியாபாரி வேங்கடசாமி, கவிழ்ந்த பரிசலைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாயோடு கிடக்கிறார். அவரால் பேச முடியாது. உங்களால் முடியும்.

அன்றைக்கு நான் கடையில் நின்று அவனுக்குத் தீபாவளிச் சட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் அளவு கேட்டுத்தான் எடுத்தேன். நோம்பிக்குப் போட வேண்டியதை அவனைத் தூக்கிப் போகும்போது போட்டோம். அதில் குத்தியிருந்த குண்டூசிகளை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

ஏன் நிறுத்தினீர்கள் அண்ணி? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

மதிவதனி


பொன்னந்துறை
20.11.2024

அன்புள்ள மதி,

கண்ணு, உன் கடிதம் வந்து சேர்ந்தது. தபால்காரர் அக்கரையிலேயே நின்று விசிலடித்தார். பரிசலில் வாங்கி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதி எழுத்து கலங்கிப் போய்விட்டது. மழையில் கலங்கியதா, நீ எழுதும்போதே கலங்கியதா என்று தெரியவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

என் போன் இனி வேலை செய்யாது. அதை அன்றைக்கே அணையில் வீசிப்போட்டேன். எதற்கு என்று கேட்காதே. அந்த மணிச் சத்தம் என் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான். கடிதமே நல்லது. கடிதம் யாரையும் அவசரப்படுத்தாது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கொடியில் துணி கிடந்தது. அத்தையின் சேலை ஒன்று, உங்கண்ணன் லுங்கி ஒன்று. மழை வலுக்கிறதே, நனைந்துபோகுமே என்று எடுக்க ஓடினேன். சித்த நேரம்தான். மனசு கேட்காமல் துணியை எடுக்காமலே திரும்பி வந்து மறுபடி அடித்தேன். அதற்குள் நடக்கக் கூடாதது நடந்துபோயிற்று. தப்பு என் மேல்தான். நீ திட்டுவதானால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஊரில் எல்லாரும் திட்டியாயிற்று. துறைக்குப் போனால் பொம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நீ ஒருத்தி மட்டும் திட்டாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

அத்தை நன்றாக இருக்கிறார்கள். நன்றாக என்றால், சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். உங்கண்ணன் தட்டையும் சேர்த்து எடுத்து வைப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் மூன்று தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. நீ ஆஸ்டலில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உனக்கு மனசு சரியில்லை என்றால் முதலில் சோறுதானே ஆகாது. ராத்திரி வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே.

அந்தச் சட்டையைப் பற்றி எழுதியிருந்தாய். சட்டை நன்றாக இருந்தது கண்ணு. அளவு சரியாக இருந்தது. அதை நினைத்து மட்டும் நீ வெசனப்படக் கூடாது. இது ஒன்றைத்தான் நான் உன்னிடம் கேட்கிறேன்.

உன் அண்ணி,
இனியா


பல்லடம்
25.11.2024

அண்ணி என்று எழுதவே மனசு வரவில்லை. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை.

யாருக்குக் காது குத்துகிறீர்கள்? அன்றைக்குப் பொழுது விடிந்ததிலிருந்தே மழை. பல்லடத்திலேயே சாக்கடை ரோட்டுக்கு ஏறிவிட்டது. நான் குடையோடுதான் கடைக்குப் போனேன். உங்கள் ஊரில் மலையடிவாரத்தில் கேட்கவே வேண்டாம். அப்படிக் கொட்டுகிற நாளில் எந்தப் பொம்பளை கொடியில் துணி போடுவாள்? நனைந்துவிடுமே என்று ஓடினீர்களாம். காலையிலிருந்து நனைந்துகொண்டிருந்த துணி இன்னும் என்ன நனைந்துவிடப் போகிறது?

உங்கள் கடிதத்தைப் படித்த உடனே மாசாணம் மாமாவிடம் சொல்லி, அம்மா கையில் போனைக் கொடுக்க வைத்துக் கேட்டேன். அம்மா என்ன சொல்கிறாள் தெரியுமா? "ஆமாங்கண்ணு, துணி எடுக்கத்தான் போனா. கொடியில கெடந்துச்சு, நான் பாத்தேன். அதை உட்டுப்போடு." பெத்த மகனைப் பறிகொடுத்தவள் பேசுகிற பேச்சா இது? நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களா? இல்லை, கையாலாகாத பொம்பளை, சோறு போடுகிறவள் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும் என்று அம்மாவை மிரட்டி வைத்திருக்கிறீர்களா?

பொய் சொல்கிறீர்கள். பொய் சொல்கிறீர்கள் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது. ஆயுத பூஜைக்கு நான் வந்தபோது நீங்களும் அண்ணனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? பரிசலும் வேண்டாம் தண்ணியும் வேண்டாம், திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் பிழைக்கலாம் என்று நீங்கள் மூக்கைச் சிந்தினீர்கள். அவன் மாட்டேன் என்றான். அந்தக் கோபத்தில்தானே சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்து போனீர்கள்? கிடந்து தவிக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று போனீர்களா? சொல்லுங்கள்.

இதை எழுத மனசு ஒப்பவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் லீவில் வந்து அம்மாவை என்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன். இங்கே ஒரு ரூம் பார்த்துவிட்டேன். நான் வருவதற்குள் நீங்கள் அந்த வீட்டை விட்டுப் போய்விடுங்கள். உங்களுக்குப் போக இடமில்லை, அப்பா அம்மா இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அண்ணனுக்கும்தான் இப்போது இடமில்லை.

வேங்கடசாமி அண்ணனுக்குத் தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்களாம். பேசுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் போய் அவரைப் பார்க்கிறேன். நீங்கள் சொல்லாததை அவர் சொல்லட்டும்.

மதிவதனி


பொன்னந்துறை
28.11.2024

மதி,

மாசாணம் மாமா சத்தியமங்கலம் சந்தைக்குக் கிளம்பி நிற்கிறார். அவர் கையில் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்கிறேன். ஞாயிறுக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று மாசாணியம்மனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகாதே. கண்ணு, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், போகாதே. அந்த மனுசன் செத்துப் பிழைத்தவர். பாவம், அவருக்கு என்ன நினைவு இருக்கும்? மழை, பனி, பயம். எதையாவது உளறுவார். நீ அதைப் பிடித்துக்கொள்வாய்.

கோபத்தில்தான் எழுந்து போனேன். ஆமாம், அப்படியே வைத்துக்கொள். நீ எழுதியதுதான் சரி. எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சூடத்தை அணைத்து இதையே சொல்கிறேன். போதுமா?

வீட்டை விட்டுப் போகச் சொன்னாய். போகிறேன். அத்தையை நீ கூட்டிக்கொள். பதிலுக்கு நீ கோயமுத்தூர் போகாமல் இரு. நான் உன்னிடம் வேறு எதையாவது கேட்டிருக்கிறேனா?

மாமா சத்தம் போடுகிறார். நிறுத்துகிறேன்.

இனியா


பல்லடம்
3.12.2024

அண்ணி,

உங்கள் கடிதம் தாமதமாக வந்தது. நான் கோயமுத்தூர் போய்த் திரும்பியபோது ஆஸ்டல் வாசல் பெட்டியில் கிடந்தது.

எப்படி ஆரம்பிப்பது? அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் வார்த்தையில் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

வேங்கடசாமி அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குரல் கம்மியாகத்தான் வருகிறது. நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கவிழ்ந்த பரிசல் மேல் அவரை ஏற்றிவிட்டது அண்ணன்தானாம். பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார்.

"பனின்னா அப்படியொரு பனி அம்மணி. எதுத்தாப்பல ஒக்காந்த உங்கண்ணன் மூஞ்சியே எனக்கு மங்கலாத்தான் தெரிஞ்சுது. மழை வேற சளசளன்னு. உங்கண்ணன் தலையைச் சாய்ச்சுக் காதை மட்டும் வச்சுட்டு, துடுப்புப் போட்டுட்டே வந்தாப்பல. தண்டவாளம் டங்கு டங்குன்னு கேட்டுட்டே இருந்துச்சு. பாதிக்கு மேல வந்துபோட்டோம். திடீர்னு சத்தம் நின்னுபோச்சு. நான் பயந்துபோனனுங்க. உங்கண்ணன், 'வெசனப்படாதீங்க, அவ நிறுத்த மாட்டா, கை மாத்தறா'ன்னாப்பல. சித்த நேரம் அங்கியே சுத்திட்டு நின்னோம்.

"அப்பறம் மேக்கால ஒரு பொம்பளை கொரலு. நல்லா ஓங்கி. 'நாப்பத்திரெண்டு! நாப்பத்திரெண்டு!'ன்னு. உங்கண்ணன் சிரிச்சுப்போட்டாப்பல அம்மணி. 'என்ற ஊட்டுக்காரிங்க. பனியில நின்னுட்டு என்னமோ எண்ணறா பாருங்க. தண்ணி ஏறித் தொறை முங்கிப்போச்சாட்ட இருக்குது, அதான் மேக்க வந்து நின்னு கூப்புடறா. அவ எங்க நிக்கறாளோ அதான் நமக்குக் கரை'ன்னாப்பல. பரிசல்ல குடை விரிச்சாத் திட்டுற ஆளு, அன்னிக்கு அவரே, 'குடையை விரிங்க, கெழக்காத்து தள்ளட்டும், வெரசலாப் போயரலாம்'ன்னாப்பல. நான் விரிச்சேன். குடை பாயாட்டம் இழுத்துட்டுப் போச்சுங்க. அந்த வேகத்துலதான் மொட்டைப் பனையில ஏறி..."

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், "அந்தப் புள்ளை எதுக்கு அம்மணி நாப்பத்திரெண்டுன்னு கத்துச்சு? படுத்துக் கெடந்த நாளெல்லாம் அதையேதான் நெனச்சுட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியுமா?"

நான் எழுந்து வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்தேன். யாரோ ஒரு அம்மா வந்து, "ஏங்கண்ணு, உங்காளுக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சா?" என்று தோளைத் தொட்டார்கள். ஆமாம் என்றேன்.

அன்றைக்குக் கடையில் நோம்பிக் கூட்டம். கடைக்காரர், "நாப்பதா நாப்பத்திரெண்டா, சீக்கிரஞ் சொல்லுங்க, பின்னால ஆள் நிக்கறாங்க" என்று அவசரப்படுத்தினார். துறையில் உங்கள் போனில் மணி மட்டும்தான் அடிக்கும், பேச்சு வராது. பேச வேண்டுமென்றால் மோட்டார் ரூம் மேட்டுக்கு ஏற வேண்டும். அதனால்தானே மூன்று தடவை விட்டு விட்டு அடித்தால் அவசரம், எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும் என்று நாம் வைத்துக்கொண்டோம். அப்பா மூச்சுத் திணறிக் கிடந்த வருஷம் வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அதை யாரும் விளையாட்டுக்குக்கூட அடித்ததில்லை. நான் ஒரு சட்டைக்காக அடித்தேன்.

நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னாச்சு மதி? என்னாச்சு கண்ணு?" என்று பதறினீர்கள். நான் சிரித்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சிரித்தேன். "ஒண்ணுமில்லீங்க அண்ணி, அண்ணன் சட்டை சைஸ் சொல்லுங்க" என்றேன். நீங்கள் சொன்னது கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க" என்றேன். சொன்னீர்கள். "இன்னும் சத்தமா" என்றேன்.

இன்னும் சத்தமா என்று நான்தான் அண்ணி சொன்னேன். அண்ணன் தண்ணீரில் இருக்கிறான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கிற அளவுக்கு எனக்கும் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டுச் சட்டையைப் பையில் போட்டு வாங்கிக்கொண்டேன். நாம் பேசியதும் சத்தம் நின்றதும் ஒரே நேரம் என்று எனக்கு இத்தனை நாளும் உறைக்கவே இல்லை.

உங்களுக்கு எழவு வீட்டிலேயே எல்லாம் தெரியும். தெரிந்தும் துணி என்றீர்கள். ஊர் முன்னால் தலையைக் குனிந்து நின்றீர்கள். நான் எழுதியதையெல்லாம் படித்தீர்கள். கிடந்து தவிக்கட்டும் என்று போனீர்களா என்று கேட்டேனே, அதைக்கூடப் படித்துவிட்டு ஆமாம் என்று எழுதினீர்கள். என்ன பொம்பளை அண்ணி நீங்கள்? என் கன்னத்தில் நான்கு அறை அறைந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இனி ஒன்று செய்யுங்கள். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரி விடக் கூடாது. அம்மா என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றால் நான் அந்தத் தண்ணீரைத் தாண்டி வர மாட்டேன். வீட்டை விட்டுப் போக வேண்டியது நீங்கள் இல்லை.

மதி


பொன்னந்துறை
12.12.2024

அன்புள்ள மதி,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். அத்தையிடம் சொல்லவில்லை. கிழித்து அடுப்பில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ சட்டை சைஸ் என்றதும் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அவசர மணி அடித்துவிட்டுச் சட்டையா என்று பல்லைக் கடித்தேன். அந்தக் கோபத்தில்தான் அவ்வளவு ஓங்கிக் கத்தினேன். அவர் தண்ணீரில் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன், லைன் போய்விட்டது. இறங்கி ஓடும்போது கீழே தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. மண் சரிந்திருக்கும் என்று நினைத்தேன். துறைக்கு வந்து சுத்தியலை எடுத்தேன். அடித்தேன் மதி. கை கொப்பளித்துப் பிய்ந்து ரத்தம் வந்த பிறகும் அடித்தேன். இதோ வருகிறார், இதோ வருகிறார் என்று அடித்துக்கொண்டே இருந்தேன். மாசாணம் மாமா வந்து என் கையைப் பிடித்து, "போதும் கண்ணு, உட்ரு" என்றார். பரிசல் எங்கே கிடந்தது என்று அவர் சொன்ன பிறகுதான், என் சத்தம் அவரை எங்கே இழுத்துப் போனது என்று எனக்கு உறைத்தது. நின்ற இடத்தை விட்டு நகர்ந்தவள் நான். நீ கூப்பிட்டாய், நான் போனேன், அவர் நம்பினார். இதில் யார் பங்கு எவ்வளவு என்று பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது.

ஏன் மறைத்தாய் என்கிறாய். பெரிய மனசு என்றெல்லாம் ஒன்றுமில்லை. நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புதுச் சட்டையிலிருந்து குண்டூசி எடுத்துக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில் மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "எங்க போனே நீ?" என்று கேட்டார். உன் விரலைப் பார்த்தேன். வாயில் துணி என்று வந்தது. அன்றைக்கு முழுக்க மழை என்பதே எனக்கு மறந்துபோயிற்று. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று. ஆயுத பூஜைச் சண்டையை எடுத்து எழுதினாயே, அது தப்பு. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். அந்தப் பயத்தில்தான் திருப்பூர் போகலாம் என்று அழுதேன். அந்த வரியைப் படித்தபோது உன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தால் உள்ளேயே புழுங்கும். சொல்லிவிட்டேன், இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

நேற்று மத்தியானம் அத்தை முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தை வாசித்தேன். நீ சொன்ன மாதிரி இல்லை. ஆஸ்பத்திரி, வேங்கடசாமி, பனி என்று வாசித்துவிட்டு, நாற்பத்திரண்டு வரும் இடத்தைத் தாண்டிப் போனேன். அத்தை முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"என்ன கண்ணு, நடுவால முழுங்கறே? முழுசும் வாசி."

வாசித்தேன். முடித்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தால் அத்தை அழவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை. முறத்தில் இருந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டு, "எனக்குத்தான் தெரியுமே" என்றார்கள்.

கடிதத்தை அப்படியே மடியில் போட்டேன் மதி.

"மோட்டார் ரூமுக்குப் பின்னாலதான நம்ம ஊடு. நீ கத்துனது ஊட்டுக்குள்ளயே கேட்டுச்சு. இவ என்னத்தையோ எண்ணறாளேன்னு நெனச்சேன். அப்பறம் அவனுக்குச் சட்டையை மாட்டுறப்ப காலர்ல நம்பரைப் பாத்தேன். பஸ் நம்பர் பாத்து ஏறத் தெரிஞ்சவளுக்கு அது தெரியாதா?"

"ஏனுங்கத்தே, என்கிட்டக்கூடச் சொல்லல?" என்றேன்.

"சொல்லி? போனவன் போயிட்டான். மிச்சம் இருக்கறது நீங்க ரெண்டு பேரு. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுது. மதிக்குத் தெரிஞ்சா அங்க ஆஸ்டல்ல தனியாக் கெடந்து என்ன பண்ணித் தொலைப்பாளோன்னு பயம். துணி எடுக்கப் போனேன், எடுக்காமலே ஓடியாந்துட்டேன்னு நீ சொன்னே. மாசாணம் மூஞ்சியைப் பாத்தா நம்புன மாதிரி தெரியல. ஊட்டுப் பக்கம் வந்து கொடியைப் பாத்தான்னா வெறுங்கொடி. அதான் எழவு வீட்டுச் சனமெல்லாம் அவனைச் சுத்தி நிக்கறப்போ, நான் கொல்லைப்பக்கம் போயி என்ற சேலையையும் அவன் லுங்கியையும் தண்ணியில முக்கிக் கொடியில போட்டுட்டு வந்தேன்."

அத்தை இதைச் சொல்லிவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்கள். மகன் கூடத்தில் கிடக்கும்போது, நடுங்குகிற கையால் அந்த லுங்கியைப் பிழிந்திருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கொடியில் அந்தத் துணியை நானே பார்த்தேன். நான் சொன்ன பொய் எப்படி நிஜமாகிப்போனது என்று எனக்கு விளங்கவே இல்லை. என் புத்திதான் பேதலித்துவிட்டது என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் எடுத்து மடித்து வைத்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் அப்போதுதான் அழுதோம். நல்லா அழுதோம். ராகியெல்லாம் கொட்டிப்போயிற்று.

உன்னிடம் சொல்லாத இன்னொன்று. பரிசலை இப்போது நான்தான் விடுகிறேன். இத்தனை நாள் விட்ட மாசாணம் மாமாவுக்கு முடியவில்லை. பயம் போய்விட்டதா என்றால் இல்லை. பயத்தோடுதான் விடுகிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்ட பொம்பளைகள் இப்போது அதில் ஏறித்தான் சந்தைக்குப் போகிறார்கள்.

கடைசியாக, அத்தை எழுதச் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்:

"மதி, கண்ணு, முழிக்க மாட்டேன், வர மாட்டேன்னெல்லாம் எழுதாதே. பனிக்காலம் ஆரம்பிச்சுபோச்சு, பகல்லயே வந்துரு. உங்கண்ணி துடுப்புப் போட்டுட்டு அக்கரைக்கு வருவா. தண்டவாளத்தை நான் அடிக்கறேன். கை நடுங்குனா என்ன, நடுங்கற கையில அடிச்சாலும் சத்தம் வரும். நீ ஏறுறதுக்கு முந்தி போனை மட்டும் அணைச்சுப்போடு. கரை தட்டுற வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசப்படாது."

அவ்வளவுதான் அத்தை சொன்னது. மாற்றுத்துணி நிறைய எடுத்து வா கண்ணு. இங்கே இன்னும் மழைதான், எதுவும் காய்வதில்லை.

உன் அண்ணி,
இனியா